ஊர் சுற்றிக் காட்ட ஒரு வாரம்

தம்புள்ளை
09.08.1997, சனி இரவு

அன்புள்ள சாள்ஸ் அண்ணனுக்கு,

உங்கள் தங்கை சர்மிளா எழுதுகிறேன். நீங்கள் வீட்டை விட்டுப் போன பிறகு உங்கள் பெயரைச் சொல்ல அப்பா விடுவதில்லை. நீங்கள் பெல்மதுளைச் சந்தியில் மக்கீன் முதலாளியின் கடையில் நிற்பதாக என்னோடு படிக்கும் றுகையாதான் சொன்னாள். முதலாளி அவளுக்கு மாமா முறையாம். விலாசத்தை என் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதித் தந்தாள்.

நான் இப்போது தோட்டத்தில் இல்லை. பயப்பட ஒன்றும் இல்லை என்று முதலில் எழுதினேன். பிறகு வெட்டிவிட்டேன்.

போன புதன்கிழமை காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் தோட்டத்துத் துரை அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். துரையின் தம்பி கொழும்பில் இருக்கிறார். அவரும் அவர் மனைவி நோனாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நாடு சுற்றிப் பார்க்க ஒரு வாரம் போகிறார்களாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெட்டைப் பிள்ளை வேண்டுமாம். பள்ளிக்கூடம் ஓகஸ்ட் லீவுதானே. அப்பா வந்து, “ஒரு வாரம்தான் புள்ள. சீகிரியா, யானை, எல்லாத்தையும் பாத்துட்டு வரலாம். நம்ம லயத்துல யாருக்குக் கெடச்சிருக்கு?” என்றார். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரம்புக்கனை ஸ்டேஷனுக்கு அப்பால் நான் எதையும் பார்த்ததில்லை.

ஆனால் அப்பா என் உடுப்பு எல்லாவற்றையும் பையில் வைத்தார். சுவரில் இருந்த அம்மாவின் படத்தையும் கழற்றி, துணியில் சுற்றி உள்ளே வைத்தார். “ஒரு வாரத்துக்கு அது எதுக்குப்பா?” என்று கேட்டேன். “இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். வேன் வந்தபோதும் வரவில்லை. ரப்பர் பால் வெட்டுகிற நேரமும் இல்லை அது.

வேனில் நோனா என் பெயரைக் கேட்டார். சர்மிளா யேசுதாசன் என்றேன். செக் பொயின்டில் அந்தப் பெயரால் தொல்லை வரும், இனி நீ நிலூக்கா என்றார். கண்டி போகுமுன் இரண்டு இடத்தில் மறித்தார்கள். இரண்டிலும் நோனா முன்னால் இருந்தே, “அபே கெதர ளமயா, நிலூக்கா” என்றார். எங்கள் வீட்டுப் பிள்ளை என்று. நான் குனிந்துகொண்டேன்.

எனக்கு ஒரு நீலச் சட்டை தந்திருக்கிறார்கள். புதிதில்லை. முதுகுப் பக்கம் அயன் பெட்டி அளவில் தீய்ந்த இடத்தை ஒட்டுப் போட்டுத் தைத்திருக்கிறது. யாருடையது என்று டிரைவர் நுஹ்மான் நானாவிடம் கேட்டேன். அவர்தான் வேனில் தமிழ் பேசுகிற ஒரே ஆள். “முந்தி இருந்த புள்ளட சட்ட” என்றார். இப்போது எங்கே என்றேன். ரேடியோவைக் கூட்டிவிட்டார்.

இன்று இரவு நான் தூங்கிவிட்டதாக நினைத்து துரையின் தம்பி மாத்தையாவும் நோனாவும் சிங்களத்தில் பேசினார்கள். கொழும்பு வீட்டில் குசினிக்குப் பின்னால் உள்ள அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டுமாம். இவளுக்குச் சமையல் பழக்க ஒரு மாதம் போதும் என்று நோனா சொன்னார். பள்ளிக்கூடம் செப்டெம்பரில் தொடங்குகிறது, அண்ணே.

நாளை பொலன்னறுவை. பிறகு மகியங்கனை வழியாகப் பண்டாரவளை. செவ்வாய் முதல் வெள்ளி வரை அங்கே தங்கல். வெள்ளிக்கிழமை பலாங்கொடை, பெல்மதுளை, ரத்தினபுரி வழியாகக் கொழும்பு. நுஹ்மான் நானா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அந்த வழியில் கேகாலையும் இல்லை, நம் தோட்டமும் இல்லை.

குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன். தட்டுகிறார்கள்.

சர்மிளா


பெல்மதுளை
12.08.1997, செவ்வாய்

தங்கச்சி,

உன் கடிதம் பின்னேரத் தபாலில் வந்தது. இதை முக்தார் நானாவிடம் கொடுத்துவிடுகிறேன். எங்கள் கடைக்கு மரக்கறி ஏற்ற அவர் லொறி இரவில் பண்டாரவளைக்கு ஏறும், மறுநாள் பகலில் இறங்கும். உங்கள் டிரைவரை அவருக்குத் தெரியுமாம். ஆகவே நீ எழுதுவதும் இந்த வழியிலேயே வரட்டும்.

மூன்று வருடமாக ஒரு வரி எழுதவில்லையே என்று உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. நானும் எழுதவில்லைதான். எழுதினால் அது தோட்டத்து ஆபீஸ் தபால் பைக்குள் போய், பெரட்டில் கணக்கப்பிள்ளை கையால் அப்பாவுக்குப் போகும். வாசிக்கத் தெரியாத மனிதர் அதை வாசிக்கச் சொல்லி அவனிடமே நீட்டுவார். லயத்து வீடெல்லாம் கேட்கும். அதனால் எழுதவில்லை. கணக்கப்பிள்ளையைக் கைநீட்டி அடித்தவனை வீட்டில் வைத்திருக்காதே என்று அப்போதிருந்த துரை சொன்ன அன்று, என் பையை வாசலில் வைத்தது அப்பாதான். இப்போது உன் பையையும் அவரே கட்டியிருக்கிறார்.

பழசு போகட்டும். சொல்வதைக் கவனமாகக் கேள். அவர்களிடம் எதையும் காட்டிக்கொள்ளாதே. எனக்கு எழுதியதையும், நான் இங்கே இருப்பதையும் மூச்சு விடாதே. சொன்ன வேலையைச் செய். வெள்ளிக்கிழமை வேன் இந்தச் சந்தியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். முக்தார் நானா லொறியைக் குறுக்கே விட்டு ஸ்டார்ட் வரவில்லை என்று நடிப்பார். “அது எனக்கு நடிப்பே இல்லடா, ஒவ்வொரு நாளும் நடக்குறதுதானே” என்கிறார். வேன் நின்றதும் கதவைத் திறந்து இறங்கிக் கடைக்குள் வந்துவிடு. அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்.

நானே மேலே வந்து கூட்டிக்கொண்டு போகலாமே என்று நினைப்பாய். எனக்கு இன்னும் அடையாள அட்டை கிடைக்கவில்லை. என் பிறப்பைத் தோட்டத்தில் யாரும் பதியவில்லை. எங்கே போய்க் கேட்டாலும் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். போன வருடம் பெரகலைச் சந்தியில் பொலிஸார் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். முதலாளி வந்து கையெழுத்துப் போட்டதால் விட்டார்கள். இன்னொரு முறை அட்டை இல்லாமல் பிடிபட்டால் கையெழுத்துக்கு விடமாட்டோம் என்று சொல்லித்தான் விட்டார்கள். அன்றிலிருந்து இந்தக் கடைவீதியைத் தாண்டியதில்லை.

அந்த நீலச் சட்டைதான் எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே மேல் தோட்டத்திலிருந்து மருதாயி என்று ஓர் அக்கா அரிசி வாங்க வருவார். அவருடைய மகள் சசியையும் ஒரு கொழும்புக் குடும்பம் ஒரு வாரம் ஊர் சுற்றிக் காட்ட என்று கூட்டிப் போனதாம். இரண்டு வருடம் இருக்கும். உங்கள் இப்போதைய துரை அப்போது அந்தத் தோட்டத்தில் சின்னத் துரை. மருதாயி அக்காவிடம் கேட்கிறேன். நீ டிரைவரிடம் அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் கேள்.

அண்ணன் சாள்ஸ்


பண்டாரவளை
13.08.1997, புதன் இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நுஹ்மான் நானா காலையில் வாங்கிவந்து தந்தார். அதற்கு முன் நான் ஒன்று செய்துவிட்டேன். திட்டாமல் முழுதும் வாசியுங்கள்.

நேற்றுப் பின்னேரம் நோனா நல்ல மனநிலையில் இருந்தார். சின்னவன் என் மடியில் தூங்கிவிட்டான். தோட்டத்தில் ஒரு நாள் எங்காவது போவதென்றாலும் துரையிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதானே போவோம். சொல்லாமல் போனால் அது ஓடிப்போனதாக ஆகிவிடும், அப்பாவைப் பெரட்டில் நிறுத்திக் கேட்பார்கள். அதனால் நான் நோனாவிடம் கேட்டேன். என் அண்ணன் பெல்மதுளைச் சந்தியில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை அங்கே இறங்கிக்கொள்ளட்டுமா, அவர் என்னைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார் என்றேன்.

நோனா சிரித்தார். “ஏக்கட்ட மொக்கத? நவத்தமு” என்றார். அதற்கென்ன, நிறுத்துவோம் என்று. எந்தக் கடை, யாருடைய கடை, அண்ணனுக்கு என்ன வேலை, அப்பாவுக்குத் தெரியுமா என்றெல்லாம் அன்பாகக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இரவு நிம்மதியாகத் தூங்கினேன். வீணாகப் பயந்துவிட்டோம் என்று உங்களுக்கு எழுதக்கூட நினைத்தேன்.

காலையில் உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன்.

வேன் கழுவிக்கொண்டிருந்த நுஹ்மான் நானாவிடம் போய், அந்தப் பிள்ளையின் பெயர் சசியா என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை. வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, “ஒனக்கு யாரு சொன்ன?” என்றார். அவள் இப்போது கொழும்பு வீட்டில் இருக்கிறாளா என்று கேட்டேன். இல்லை என்றார். அம்மாவிடம் போய்விட்டாளா என்றேன். அதற்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். “ஒரு நாள் ராவு ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கச் சொன்னாங்க, எறக்கினேன். பொறகு போய்ப் பாக்க வேணாம்னும் சொன்னாங்க. இதுக்கு மேல என்னக் கேக்காத தங்கச்சி. எனக்கும் ரெண்டு புள்ளைகள் ஈக்கி.”

இதை எழுதும்போது அந்தச் சட்டை என் உடம்பில்தான் இருக்கிறது. மாற்றவும் முடியாது. என் பையை நோனா தன் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். தொலைந்துவிடும் என்றார்.

இன்று அவர்கள் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. சொக்லட்கூடத் தந்தார்கள். ஆனால் மாத்தையா வரைபடத்தை விரித்து நோனாவுக்கு எதையோ காட்டினார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனதும் இங்கிலிஷுக்கு மாறிவிட்டார்கள்.

நீங்கள் சந்தியில் நில்லுங்கள். நான் கதவுப் பக்கமாக உட்காருகிறேன்.

சர்மிளா


பெல்மதுளை
14.08.1997, வியாழன்

சர்மிளா,

நீ ஏன் கேட்டாய்?

திட்ட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். கடைக்குப் பின்னால் போய் வேண்டிய மட்டும் திட்டிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உன்னை இல்லை. கேட்டுத்தான் போக வேண்டும் என்று பால்குடிக்கும்போதே நமக்குப் பழக்கிவிட்டவர்களை. உன் இடத்தில் நான் இருந்தாலும் உன் வயதில் அதைத்தான் செய்திருப்பேன்.

இனி வெள்ளிக்கிழமை வேன் இந்த வழியாக வரும் என்று நான் நம்பவில்லை.

மருதாயி அக்கா இன்று வந்தார். மகளைப் பற்றிக் கேட்டதும் அரிசிப் பையைக் கீழே வைத்தார். “யாரோ ஒரு பொடியனோட ஓடிட்டாளாம் தம்பி. தொரையே கூப்பிட்டுச் சொன்னாரு. நான் வெக்கத்துல யார்கிட்டயும் கேக்கல” என்றார். உன் கடிதத்தில் டிரைவர் சொன்னதை நான் அவரிடம் எப்படிச் சொல்வேன்? ஆஸ்பத்திரி என்று மட்டும் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த ஆஸ்பத்திரி என்று கடை அடைக்கும்வரை படியிலேயே இருந்தார். ஒரு துரை சொன்னதை இரண்டு வருடம் நம்பியிருக்கிறார் அந்த மனுஷி.

இப்போது செய்ய வேண்டியது இது. முக்தார் நானா விடியுமுன் பண்டாரவளைச் சந்தையில் இருப்பார். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் பை, படம் எதையும் பார்க்காதே. டிரைவரைக் கெஞ்சிச் சந்தைவரை கொண்டுவந்து விடச் சொல். முடியாவிட்டால் நீயே நடந்து வா, யாரைக் கேட்டாலும் சந்தையைக் காட்டுவார்கள். லொறியில் ஏறிக் கோவா, கரட் மூடைகளுக்குப் பின்னால் உட்கார். முக்தார் நானா உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார், பாட்டு மட்டும் படிப்பார். அதைப் பொறுத்துக்கொள்.

யாரிடமும் சொல்லிக்கொள்ளாதே. இந்த ஒரு முறை சொல்லிக்கொள்ளாமல் வா.

அண்ணன்


16.08.1997, சனி இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் வேனில் இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

இது அம்பாந்தோட்டை தாண்டிக் கடல் ரோட்டில் உள்ள ஒரு பொலிஸ் ஸ்டேஷன். பின்னால் பெண் கான்ஸ்டபிள் தங்கும் அறையில் இருக்கிறேன். அவர்தான் கடதாசி தந்தார். ரத்தினபுரி பஸ் இந்த வாசலில் நிற்குமாம். கண்டக்டரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னார். அந்த பஸ்காரருக்கு உங்கள் சந்தி தெரியும்.

வெள்ளிக்கிழமை இருட்டிலேயே எழுப்பினார்கள். பெல்மதுளையா என்று கேட்டேன். “ஓவ் ஓவ்” என்றார் நோனா, ஆமாம் என்று. வேன் மலையிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கியது. வெயில் ஏறிய பிறகு ஒரு பக்கம் முழுக்கக் கடல் வந்தது. நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது அப்படித்தான். சின்னவன் கைதட்டினான். உங்கள் சந்திக்குப் போகிற வழியில் கடல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

உங்கள் வியாழக்கிழமைக் கடிதம் நுஹ்மான் நானாவின் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. சந்தையில் டீசல் அடிக்கப் போனபோதே முக்தார் நானா கொடுத்துவிட்டாராம். வெள்ளி இரவு தங்கிய இடத்தில்தான் என்னிடம் தந்தார். “எனக்குப் பயம் வந்துட்டு தங்கச்சி” என்றார். அவர்மேல் எனக்குக் கோபப்படவும் தெரியவில்லை. அந்தக் கடிதத்தை நான் விடியும்வரை வைத்துக்கொண்டு இருந்தேன்.

இன்று காலை செக் பொயின்டில் மறித்தார்கள். பொலிஸ்காரர் கதவைத் திறந்து என்னைப் பார்த்து, “நம மொகத்த?” என்று பெயரைக் கேட்டார். நோனா வழக்கம்போல, “நிலூக்கா” என்று தொடங்கினார். நான் குனியவில்லை. சர்மிளா யேசுதாசன், கேகாலைத் தோட்டம், இவர்கள் வீட்டுப் பிள்ளை இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். ஒரு தமிழ்ப் பிள்ளையை வேறு பெயரில் கொண்டுபோகிறார்கள் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. சார்ஜன் வந்தார். எல்லோரையும் இறக்கினார். இந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிறீர்களா என்று மாத்தையாவிடம் கேட்டார். மாத்தையா நோனாவைப் பார்த்தார். நோனா, “அபே நெமெய்” என்றார். எங்களுடையவள் இல்லை என்று. என் பையை ரோட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். நுஹ்மான் நானா கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டிப் போனார்.

எனக்குச் சிரிப்பு வந்தது அண்ணே. பொலிஸ் பிடித்ததற்குச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் பிறகு சார்ஜன் கேட்டார், உன்னைப் பொறுப்பெடுக்கச் சொந்தக்காரர் யார் வருவார் என்று. அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பா வந்தால் துரைக்குத் தெரியாமல் வரமாட்டார். உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்ட பிறகுதான் உங்களுக்கு அட்டை இல்லாதது நினைவுக்கு வந்தது.

நீங்கள் வராதீர்கள். முதலாளியை வரச் சொல்லுங்கள். திங்கட்கிழமைவரை இங்கே வைத்திருப்பார்களாம். அதற்குள் யாரும் வராவிட்டால் தோட்டத்து ஆபீசுக்குத் தந்தி அடிப்பார்களாம்.

சர்மிளா


பெல்மதுளை
17.08.1997, ஞாயிறு இரவு

அன்புத் தங்கச்சி,

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சந்தியில் நின்றேன். நீ இல்லாமல் பகலில் இறங்கி வந்த முக்தார் நானாவும், ஒருவேளை வேன் வரும் என்று லொறியைக் குறுக்கே விட்டு மூன்று லொறிக்காரர்களிடம் ஏச்சு வாங்கினார். உன் கடிதம் இன்று பின்னேரம் வந்ததும் அவர்தான் முதலில் அழுதார்.

முதலாளியிடம் கேட்டேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சுற்றியுள்ள துரைமாரோடுதான் அவர் யாவாரம், அதோடு சொந்தக்காரர்தான் வர வேண்டும் என்று பொலிஸ் சொல்லிவிட்டதே. முக்தார் நானா வருகிறேன் என்றார். அவரும் சொந்தமில்லை. தந்தி துரைக்குப் போனால் அடுத்த வேன் எங்கிருந்து வரும் என்று நமக்குத் தெரியும். ஆகவே நாளை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன்.

இந்தக் கடிதத்தைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, அதே பஸ்ஸில்தான் நானும் ஏறுகிறேன். அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நான் உன் வாசலில் இறங்கினால் கடிதத்தை என்னிடமே திருப்பித் தருவார், நான் கிழித்துப் போடுவேன். வழியில் செக் பொயின்டில் என்னை இறக்கிவிட்டால் அவர் அதை உன் கையில் தருவார்.

ஆகையால், நீ இதை வாசிக்கிறாய் என்றால் நான் வரவில்லை.

அழாதே. அழுதால் பெண் கான்ஸ்டபிளுக்கு நீ சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது. அப்பாவின் பெயரைக் கொடு. தந்தி தோட்டத்து ஆபீசுக்கு வேண்டாம், கேகாலைப் பொலிசுக்கு அடித்து யேசுதாசனை மட்டும் கூப்பிடச் சொல். பொலிஸ் கூப்பிட்டால் அப்பா வருவார். யார் கூப்பிட்டாலும் போகத்தான் அவருக்குத் தெரியும். ஆனால் வந்தவரோடு வாயை மூடிக்கொண்டு போய்விடாதே. சார்ஜனுக்கு முன்னால், சிங்களத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்: எங்கள் லயத்துக்கு என்றால் போகிறேன், துரையின் பங்களாவுக்கு என்றால் போகமாட்டேன். சசியின் பெயரையும், மருதாயி அக்காவின் பெயரையும் சொல். எழுதிக்கொள்ளச் சொல். எழுதிக்கொள்ளும்வரை நகராதே.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அதைப் பார்த்து இரங்கிவிடாதே.

கண்டக்டர் அவசரத்தில் இருப்பார், பஸ் அங்கே அதிக நேரம் நிற்காது. அவர் ஏறுவதற்குள், எந்தச் சந்தியில் என்னை இறக்கினார்கள் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்.

சாள்ஸ்